நடுவில் நின்று போகும் விமானம்

நான் இருக்கும் வடக்கு நார்வேயில் விமானம் நம் ஊர் ரூட் பஸ் மாதிரி. தூண்டிலோடு ஒருவர் ஏறுவார், கேக் பெட்டியை மடியில் வைத்தபடி ஒரு பெண் வருவார், நடுவில் ஏதோ ஒரு தீவில் இறங்கிப் போய்விடுவார்கள். இருக்கை எண் கிடையாது, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். நான் திண்டுக்கல்லிலிருந்து கிளம்பியபோது மதுரை விமான நிலையத்துக்கு ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து அழுதார்கள். இங்கே யாரும் கையசைப்பதுகூட இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் என் மனைவி செலின் தலைப்பிரசவத்துக்காக வேறு ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். எங்கள் சின்ன ஊரில் பிரசவம் பார்க்கும் வசதி இல்லை. வலி எடுத்துவிட்டதென்று காலையில் போன் வந்தது. மலையைச் சுற்றி, இரண்டு படகு மாறிப் போனால் பொழுது சாய்ந்துவிடும். அதே ஊர் விமானத்தில் பக்கத்து ஊர். அதே இரண்டு ஊருக்கு நடுவில் எப்படி இரண்டு தூரம் இருக்க முடியும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். விமான நிலையத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"எம்புட்டு தூரம்லே?"

"பிளேன்ல ஒரு மணி நேரத்துக்குள்ளதான்ப்பா. நடுவுல ஒரு ஊர்ல நிக்கும்."

"அப்ப நம்ம வத்தலக்குண்டு தூரந்தான. பதறாமப் போ. புள்ள பொறக்குறதுக்குள்ள போயிருவ."

அவர் வத்தலக்குண்டு என்றதுதான் வினை. விமானம் நடு ஊரில் நின்றதும் என் கை தன்னால் கைக்குட்டையை எடுத்து இருக்கையில் போட்டது. கொடைக்கானல் பஸ் வத்தலக்குண்டில் நின்றால் நாமெல்லாம் செய்வதுதானே, இடம் போட்டுவிட்டு டீக்கு இறங்குவது. படியருகே பணிப்பெண் ஏதோ கேட்டார், விமானத்து விசிறிச் சத்தத்தில் விளங்கவில்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டு இறங்கினேன்.

நிலையத்துக்குள்ளே காப்பியை ஊற்றி வாய்கூட வைக்கவில்லை, வெளியே இரைச்சல் கூடியது. கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுத்த விமானம் மறுநாள்தான். செலின் அங்கே தனியாகக் கிடக்கிறாளே என்ற பயம். மூடப்போகும் கதவருகே பணிப்பெண் என் கைக்குட்டையோடு நின்றிருந்தார்.

"இதை மறந்துவிட்டீர்கள்" என்று நீட்டினார்.

"மறக்கவில்லை, அது என் இடம்" என்றேன் அரைகுறை நார்வேஜியனில். அவர் முகத்தில் ஒன்றும் புரிந்த களை இல்லை. "என் மனைவிக்கு அங்கே குழந்தை பிறக்கப் போகிறது."

கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "அப்புறம் ஏன் இங்கே இறங்கினீர்கள்?"

கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். போய்ச் சேர்ந்து செலினின் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று மாலை மகள் பிறந்தாள்.

அவளுக்கு ஆறு வயதானபோது ஊருக்கு வந்து, அப்பாவோடு கொடைக்கானலுக்குக் கிளம்பினோம். வத்தலக்குண்டில் பஸ் நின்றதும் அப்பா துண்டை இருக்கையில் போட்டுவிட்டு எழுந்தார்.

"வாலே, டீ குடிப்போம்."

"பஸ் போயிரும்ப்பா."

"நம்மள விட்டுட்டு எங்க போயிரும்?"

செலின் வாயைப் பொத்திச் சிரித்தபடி இறங்கினாள். நார்வேயில் பிறந்த மகள், தன் குட்டித் தொப்பியை இருக்கையில் வைத்துவிட்டுத் தாத்தாவின் விரலைப் பிடித்துக் குதித்து இறங்கினாள். டிரைவரைப் பார்த்தபடி நான் உள்ளேயே இருந்தேன். என் பக்கத்தில் ஒரு துண்டும் ஒரு தொப்பியும் இடம் பிடித்துக்கொண்டிருந்தன.