ரீல்ஸில் ஓடும் அம்மாவின் குரல்

எங்கள் வகுப்பில் யாருடைய இன்ஸ்டாகிராம் கணக்கும் திறந்து கிடக்காது. எல்லாவற்றுக்கும் பூட்டு. யாராவது கேட்காமல் ஒரு படம் போட்டுவிட்டால் அன்று முழுக்கச் சண்டைதான். என் நெருங்கிய தோழி இதில் இன்னும் ஒரு படி மேல். அக்கா குழந்தையின் படத்தைப் போட்டால்கூட முகத்தின்மேல் ஒரு இதயத்தை ஒட்டிவிட்டுத்தான் போடுவாள். அவளைப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். என் கணக்கில் என் முகமே கிடையாது.

அவள் போனிலிருந்துதான் அம்மாவின் குரலைக் கேட்டேன். தரமணியில் கல்லூரி முடிந்து பறக்கும் ரயிலில் வந்துகொண்டிருந்தோம்.

"காப்பிக் கடையில கேட்ட காச வாயத் தொறக்காம குடுக்குற, என்னாண்ட வந்து மட்டும் அழுவுறியே நைனா!"

திரையில் வாயசைத்தது யாரோ ஒரு பையன். குரல் அம்மாவுடையது.

எங்கள் வீடு ஊரூர் குப்பத்தில். அம்மா பெசன்ட் நகர் கடற்கரையோரம் மீன் விற்கிறாள். வஞ்சிரத்துக்கு விடாமல் பேரம் பேசிய ஒருவன், அவள் பொறுமை இழந்து கேட்டதைத் தன்னோடு வந்தவனை விட்டுப் படமெடுத்துப் போட்டிருக்கிறான். அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். படுத்துக்கொள் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. ஏலத்தில் எடுத்த மீன் கெட்டுப்போகும் என்று கூடையோடு போய்விட்டாள். 'அழுவுறியே' என்ற இடத்தில் தொண்டை கட்டிக் குரல் உடைந்துவிட்டது. அந்த உடைசலைத்தான் இப்போது ஊரே நடித்துக் காட்டுகிறது. ஒருவர் தன் நாய்க்குட்டிக்குக்கூட அதைப் போட்டிருந்தார்.

"அது எங்கம்மா" என்றேன்.

"ஏய், உங்கம்மா செலிபிரிட்டிடி! நானே நேத்து ஒண்ணு பண்ணேன், பாரு."

பார்த்தேன். துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, புருவத்தைத் தூக்கி, என் அம்மாவின் தொண்டையில் பேசிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துடு."

"எதுக்கு? வெறும் ஆடியோதானே. அவங்க மூஞ்சியவா போட்டேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ கண்ண மூடியிருந்த ஒரு போட்டோவ நான் போட்டதுக்கு ஒரு வாரம் எங்கிட்டப் பேசாம இருந்தியே, எங்கம்மாவ யாராவது கேட்டாங்களா?" என்றேன்.

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

நடிக்கவில்லை. உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அழித்தாள். அவள் ஒருத்தி அழித்து என்ன ஆகப்போகிறது? முதலில் போட்ட வீடியோவைப் பற்றிப் புகார் கொடுத்தேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. போட்டவனுக்கே எழுதினேன். 'ஆன்ட்டிக்கு நல்ல விளம்பரம்தானே சிஸ்டர்' என்று எழுதிவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் கூடைக்கு எதிரே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். "ஆன்ட்டி, அந்த டயலாக் ஒரு வாட்டி!" அவர்களுக்கு மீன் வேண்டாம்.

"வஞ்சிரம் கீது, சங்கரா கீது. இன்னா வேணும்?" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்கிறாள். பிறகு குனிந்து செதில் சுரண்ட ஆரம்பிக்கிறாள். கூவிக் கூவி ஆளைக் கூப்பிட்டவள் அவள். இப்போது பக்கத்துக் கூடைக்காரி கூவுகிறாள், ஆட்கள் அங்கே போகிறார்கள்.

போன வாரம் சோறு வைக்கச் சொல்லியிருந்ததை மறந்து, போனும் கையுமாகப் படுத்திருந்தேன். முன்பானால் அவள் போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அம்மா கூடையை இறக்கினாள். காலி அடுப்பைப் பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், என் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"மொதல்ல அந்தப் போனக் கீழ வை" என்றாள், மெதுவாக.

வைத்தேன். அப்புறமும் அவள் திட்டவில்லை.