சூரியனுக்கு எதிராக ஒரு கண்ணாடி

எங்கள் தோட்டத்துத் திடலில் இரண்டாம் பாதியில் மேற்கே பார்த்து நிற்கும் கோல்கீப்பருக்குத் தெய்வம் துணை வராது. ஆறு மணி வாக்கில் சூரியன் செம்பனை மரங்களுக்கு நடுவே இறங்கிவந்து, சரியாக அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொள்ளும். ஒரு வருஷம், பக்கத்துத் தோட்டத்தோடு நடந்த ஆட்டத்தில், வந்த பந்தைப் பிடிக்க இரண்டு கைகளையும் தூக்கினேன். கண் கூசியது. பந்து தரையில் குத்தி, என் காலிடுக்கில் நுழைந்து வலைக்குள் போய்விட்டது. கைகள் மட்டும் கொஞ்ச நேரம் மேலேயே இருந்தன.

அன்றிலிருந்து தோட்டத்தில் என் பெயர் 'சூரிய நமஸ்காரம்'. கடைக்காரர்கூட, "சூரிய நமஸ்காரத்துக்கு ஒரு டின் பால் எடு" என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார். அப்போது நான் பக்கத்து டவுனான சிரம்பானில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுத்துப் பிழைகளெல்லாம் கண்ணில் படும். பந்து படாது.

மறுவருஷம் எங்கள் கேப்டன், தோட்டத்தில் ஆள்களை வேலைவாங்கும் மண்டோர், ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"இன்னொரு தடவ விட்டின்னா, அடுத்த வருஷம் நீ தண்ணி வாளி தூக்கத்தான் லா."

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் இதைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். செனாவாங்கில் ஃபேக்டரி வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் போர்ட்டிக்சன்வரை சைக்கிள் ரேஸ் என்று வாழ்ந்தவர். தன் பந்தயக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரே வளைந்த கறுப்புக் கண்ணாடி. ஒரு நெற்றிப்பொட்டிலிருந்து மறு நெற்றிப்பொட்டுவரை ஓடும். மூக்கில் ரப்பர், காதில் ரப்பர், பின்னந்தலையில் ஒரு வார். மழைத்தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தியதுபோல் மேலே வண்ணங்கள் மின்னும். கூடவே, மாற்றிப்போட ஒரு மஞ்சள் கண்ணாடியும் கொடுத்தார்.

"மச்சான், இது சினிமா கண்ணாடி இல்ல. வேர்த்தாலும் நழுவாது, பந்து அடிச்சாலும் ஒடையாது. மேகம் கவுந்தா மட்டும் கறுப்பக் கழட்டிட்டு இந்த மஞ்சள மாட்டிக்க. மறந்துடாத லா."

மஞ்சள் கண்ணாடியைப் பத்திரமாக உறையில் போட்டுக் கோல் கம்பத்துக்குப் பின்னால் வைத்தேன். இவ்வளவு முன்யோசனை என்னிடம் இருந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும்.

அன்றைக்கு நடுவர், எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர். விசிலும் அவரிடம்தான், மருந்துப் பெட்டியும் அவரிடம்தான். முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டுவிட்டோம். இரண்டாம் பாதிக்கு நான் கண்ணாடியோடு இறங்கியதும் திடலே திரும்பிப் பார்த்தது. எங்கள் லயத்து வீடுகளில் கறுப்புக் கண்ணாடி போட இரண்டே காரணங்கள்தான் உண்டு. ஒன்று, சிரம்பான் ஆஸ்பத்திரியில் புரை எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண் வலி. அந்த மாதம் கண் வலி வீட்டுக்கு வீடு பரவி, டிரசர் பாதிப்பேரைக் காலையில் பேர் பதியும் பிரட்டுக்கு வராதே என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது, பந்து வெளையாட்டா, கூத்தா? கழட்டு" என்றார் டிரசர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மண்டோர் முந்திக்கொண்டார். "கண்ணு வலி, ஐயா. பாவம், வலியோட வந்திருக்கான்."

டிரசர் பின்னால் நகர்ந்தார். "அப்ப போட்டுக்க. ஆட்டம் முடிஞ்சதும் நான் பாக்கணும். யாரும் இவன தொடாதீங்க!"

அந்தக் கடைசி வாக்கியம் திடல் முழுக்கக் கேட்டது.

முதலில் எல்லாம் சொர்க்கம்தான். சூரியன் ஓர் ஆரஞ்சுப் பழம்போல் அடக்கமாகத் தொங்கியது. பந்தின் தையல்கூடத் தெரிந்தது. ஒன்றைப் பிடித்தேன், இன்னொன்றைத் தட்டிவிட்டேன். பிறகு நீலாய்ப் பக்கமிருந்து கருமேகம் வந்தது. பகல் அப்படியே அணைந்துபோனது. தூறல் கண்ணாடியில் விழுந்து ஓடியது. உள்பக்கம் ரப்பரில் அடைபட்ட வியர்வை, உப்போடு கண்ணுக்குள் இறங்கி எரிந்தது.

மஞ்சள் கண்ணாடி ஓரெட்டில் இருந்தது. மாட்ட வேண்டுமானால் கறுப்பைக் கழட்ட வேண்டும். கழட்டினால் டிரசர் என் கண்ணைப் பார்ப்பார். பால்போல் வெளுத்த ஆரோக்கியமான கண்! ஆட்டமே செல்லாது என்று விசிலை ஊதிவிட்டால்? கண்ணில்லாமல் நிற்பதா, கண்ணைக் காட்டிவிட்டுத் தோற்பதா? எங்கோ 'டப் டப்' என்று கேட்ட பந்துச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். சூரியனுக்கு அஞ்சிக் கண்ணாடி போட்டவன் சூரியனுக்காக ஏங்கிய நேரம் அது.

"வர்றான்! வெளிய வாடா!" என்று மண்டோர் கத்தினார்.

எதிரணி முன்னாட்டக்காரன் தனியாக வந்துகொண்டிருந்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கறுப்பு அசைவு மட்டுமே. கையை விரித்து அதை நோக்கி ஓடினேன். அவனுக்கு அடுத்த வாரம் கல்யாணம். இது எனக்குத் தெரியாது. கரையோரம் நின்றவர்களுக்குத் தெரியும்.

"மாப்ள, தொட்டுடாத! போட்டோவுல கண்ணு செவந்து நிப்ப!"

மாப்பிள்ளை துள்ளி விலகினான். பந்தைக் கம்பத்துக்கு வெளியே உதைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினான். கொஞ்ச நேரத்தில் கடைசி விசில் கேட்டது.

என்னைத் தூக்க ஓடிவந்தவர்கள் பாதியிலேயே நினைவு வந்து நின்றுவிட்டார்கள். தூரத்திலிருந்தே கைதட்டினார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிரசர் வந்தார். "கழட்டு."

கழட்டினேன். என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வியர்வையும் உப்பும் அவற்றின் வேலையை ஒழுங்காகவே செய்திருந்தன போலும்.

"நல்லா செவந்திருக்கு. இந்தக் கண்ண வச்சுக்கிட்டா ஆடினே?" அவர் குரலில் மரியாதை இருந்தது. மஞ்சள் களிம்பை இரண்டு கண்ணிலும் அப்பினார். அதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

"அடுத்த வருஷமும் நீதான் கீப்பர்" என்றார் மண்டோர், எட்ட நின்றபடி. "ஆனா வியாதியோட வா லா."

களிம்புக்கு ஊடே, கூட்டத்தில் நின்ற அக்கா வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்துக் கண்ணாடியை நீட்டினேன். எனக்கு நோயில்லை என்று அறிந்த இரண்டு பேரில் மண்டோர் ஒருவர், அவர் இன்னொருவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே வச்சுக்க, மச்சான்."

"அத்தான், எனக்கு ஒண்ணும் இல்லன்னு உங்களுக்கே தெரியும்!"

"தெரியும் லா" என்றார். "ஆனா டிரசரே சொல்லிட்டாரே."