அவர் இழுத்த மூச்சு

குருநகர்க் கோவில் பாடகர் குழுவாக நாங்கள் ஜேர்மனிக்குப் போனபோது, மேடையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் அவர். பெரிய உடம்பு, அதற்கேற்ற மீசை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், கடலில் சுழியோடப் போகிறவர்போல் சத்தமாக மூச்சை இழுப்பார். பிறகு வாயை அகலத் திறப்பார். குரல் மட்டும் வராது.

இரண்டாவது ஊரில்தான் அதைக் கவனித்தேன்.

"அண்ணை, நீங்கள் பாடுறேல்லையே?"

"நான் பாடினா உங்கடை பாட்டும் கெட்டுப்போகும், தம்பி. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

ஆனால் கச்சேரி முடிந்ததும் ஜேர்மன்காரர்கள் முதலில் அவருடைய கையைத்தான் பிடித்துக் குலுக்குவார்கள்.

கடைசிக் கச்சேரியன்று அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மேடையில் எங்கள் பாட்டு ரீச்சர் கையை உயர்த்தினார். ஒருவரும் தொடங்கவில்லை. இத்தனை காலமும் அவருடைய மூச்சைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் தொடங்கியிருக்கிறோம்! ரீச்சர் முறைத்த பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பாட்டை இழுத்தோம்.

அறைக்குத் திரும்பியபோது போர்வைக்குள்ளிருந்து கேட்டார்:

"நான் இல்லாதபடியால் இண்டைக்குப் பாட்டு நல்லா வந்திருக்குமே?"

"இல்லை அண்ணை. நீங்கள் இல்லாமல் தொடங்கவே தெரியாமல் நிண்டனாங்கள்."

"சுகம் கேக்க வந்தனீரோ, பகிடி விட வந்தனீரோ?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

இன்றுவரை அவர் அதை நம்பவில்லை. ஞாயிறு பூசையில் நாங்கள் அவருடைய மூச்சுக்காகத்தான் காத்து நிற்கிறோம்.