மஞ்சள் நீராட்டுக்கு ஆகாத குரல்

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு வைகாசி மாத ஞாயிற்றுக்கிழமை. உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஏரியை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு விழா. அங்கே கச்சேரியில் பாடத்தான் நான் போயிருந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்திருக்கிறேன். அம்மா கழனி வேலைக்குப் போகிறவர். சுற்றுப்பட்டில் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரி பாட அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. எனக்குப் பாட்டு வந்தது அம்மாவிடமிருந்துதான். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பதால், டிவி பாட்டுப் போட்டிக்குத் தேர்வானபோது எங்கள் ஊர் ஏரிக்கரையில் போய் நின்று பழகினேன்.

டிவியில் நான் பாடிய ஒப்பாரிக்கு டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடமாகச் சுருக்கினார்கள். நடுவர்கள் அழுதார்கள், எழுந்து நின்று கைதட்டினார்கள். அரையிறுதி வரை வந்தேன். ஊரில் பேனர் வைத்தார்கள். அந்தப் பேனர் கிழிவதற்குள் கச்சேரிகள் குறைந்துவிட்டன. கோயில் திருவிழாவோ கல்யாணமோ, விசாரிக்கிறவர்கள், அந்த ஒப்பாரி பாடின பெண்ணா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் அதோடு சரி. என்னை நாலு பேருக்குத் தெரிய வைத்த பாட்டு, நல்ல காரியத்துக்கு ஆகாத பாட்டாகப் போய்விட்டது.

கச்சேரிக் குழு நடத்துகிற அண்ணன் ஒருவர் மட்டும் என்னைக் கைவிடவில்லை. இந்த விழாவில் என் பாட்டு எடுபட்டால் ஆடி மாதத் திருவிழாக்களுக்கெல்லாம் என்னையே அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். இதுவும் நடக்காவிட்டால் பாட்டை விட்டுவிட்டு ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்விடுவது என்று நானும் முடிவு செய்திருந்தேன்.

மாமன் சீர்த்தட்டுகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. அதற்கென்றே எழுதிப் பழகிய கும்மிப் பாட்டை எடுத்தேன். முதல் அடிகூட முடியவில்லை. தட்டோடு நின்ற ஒரு பெரியம்மா என்னை உற்றுப் பார்த்தார். அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டு, மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"இன்னா நைனா, வயசுக்கு வந்த பொண்ணு மணையில குந்திகினு கீது. இட்டாறதுக்கு உனுக்கு வேற ஆளே கெடைக்கலியா? சாவுக்குப் பாடறத கொண்ணாந்து நிக்க வெச்சிகீற."

யாரோ சிரித்தார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் மைக்கை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறும்படியும், பிறகு போன் செய்வதாகவும் சொன்னார். அந்தப் போன் வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சாப்பிடப் பிடிக்காமல் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். சமையல் கூடத்துப் பக்கம் ஒரு அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குச் சொந்த அத்தை. கணவர் இல்லாதவர். முன்னால் வராதே என்று யாரும் சொல்லவில்லையாம். வா என்றும் கூப்பிடவில்லையாம்.

அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. அவருடைய கணவர் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கரும்பு ஜூஸ் வண்டி வைத்திருந்தவர். கொரோனா சமயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவரை உறையில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"மொகத்தகூட காட்டல. வாய்ல பால் ஊத்த வுடல. ஒரு பாட்டு இல்லாம அனுப்பிட்டோம். நீ டிவில பாடசொல்லோ, வூட்ல திட்டுவாங்கன்னு சவுண்ட கொறச்சிட்டுக் கேட்டேன். அவருக்காக ஒருவாட்டி பாடறியா கண்ணு?"

மண்டபத்தில் பாட முடியாது. இருவரும் ஏரிக்கரைக்கு நடந்தோம். வெயிலில் தண்ணீர் வற்றி அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

பாட ஆரம்பித்தேன். டிவியில் பாடியதுதான் வந்தது. அங்கே கைதட்டலுக்காக விட்ட இடத்தில் என் குரல் தானாக நின்றது. அந்த இடத்தில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. என்னவோ போலிருந்தது. தரையில் உட்கார்ந்தேன். சாவு வீட்டில் அம்மா செய்வதுபோல அந்த அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டு, அவர் சொன்னதையே வைத்துப் புதிதாக எடுத்தேன்.

"ஊருக்கே தாகம் தீத்த ராசாவே, ஒன்
வாய்க்கொரு சொட்டுப் பாலு ஊத்த வுடலியே..."

அதுவரை கல் மாதிரி இருந்தவர் என் மேல் சாய்ந்துவிட்டார். அப்படி ஓர் அழுகையை எந்த மேடையிலும் நான் பார்த்ததில்லை. சற்று நேரத்தில் அவரும் சேர்ந்து பாடினார். மண்டபத்து ஸ்பீக்கரில் வேறு யாரோ கும்மிப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது காற்றில் வந்துபோனது.

முடித்ததும் ஏரித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, "அழுத மாரி தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை என்று பொய் சொன்னேன். முந்தானையால் துடைத்துக்கொண்டு மண்டபத்துப் பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "முழுசா பாடினியா?" என்று மட்டும் கேட்டார். பாடினேன் என்றேன்.

நான் நினைத்தபடியே போன் வரவில்லை. இப்போது ஒரகடத்தில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்கிற பெண்கள் பழைய வீடியோவைத் தேடி எடுத்துப் பாடச் சொல்வார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன். தினமும் கம்பெனி பஸ் அந்த ஏரியைத் தாண்டும்போது, நான் பாடகியாக இருந்தது அந்த ஒரு மதியம்தான் என்று தோன்றும். அப்படி இன்னொரு முறை பாடவேண்டும் என்று ஆசைப்படவும் பயமாக இருக்கிறது, அதற்கு யாரோ ஒருவர் வீட்டில் சாவு விழவேண்டுமே.