அண்ணாச்சிக்கும் ஒரு அறை

வருடா வருடம் ஐப்பசியில் நாங்கள் நான்கு ஜோடிகள் ஒரு வேன் பிடித்து மலைப்பக்கம் போவோம். எல்லாருக்கும் அறுபது தாண்டியாயிற்று. திட்டம் போடுவது என் வேலை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேனில் உட்காரக் கூடாது, மணிக்கு ஒரு தரம் டீக்கு நிறுத்த வேண்டும், தங்கும் இடத்தில் யாரும் அவசரப்படுத்தக் கூடாது. நான் ரொம்ப அதிகாரம் செய்கிறேன் என்பார்கள். செய்யாவிட்டால் ஒருவர்கூட எங்கள் ராஜபாளையத்தைத் தாண்ட மாட்டார்.

இதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. வீட்டுக்கு ஓர் எண், அதுவும் வீட்டுக்காரரின் எண். யாரும் சொல்லி வைத்ததில்லை, தானாக அமைந்துவிட்டது. எங்கள் வீட்டில் என் கணவர் பெயரில் போகிற செய்திகளையெல்லாம் அடிப்பது நான்தான். என்னிடம் இருப்பது பேச மட்டும் உதவுகிற பட்டன் போன். அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து 'ம்' என்பார். அதோடு அவர் பங்கு முடிந்தது.

இந்த வருடம் வைகாசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணாச்சி இறந்துபோனார். நான்கு வீட்டு ஆண்களில் மூத்தவர், கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காலையில் பால் வாங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். குழுவிலிருந்து அவர் எண்ணை எடுக்க எவருக்கும் மனம் வரவில்லை. எடுத்தால் இன்னார் நீக்கப்பட்டார் என்று ஒரு வரி விழும். அந்த வரியைப் பார்க்க எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை. அவர் மனைவியை, எங்களுக்கு மதினியை, இந்தப் பயணத்துக்குக் கூப்பிடுவதா என்ற பேச்சு நீளவில்லை. ஜோடிகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்தால் அவருக்கு மனசு கஷ்டப்படும் என்று நாங்களே சொல்லி நாங்களே தலையாட்டிக்கொண்டோம்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு மதியம். மேற்கே மலை முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. மூன்று மணிக்கே வீட்டுக்குள் விளக்கு போட வேண்டியிருந்தது. 'மூணாறா, வாகமண்ணா?' என்று குழுவில் கேட்டுவிட்டுப் போனைக் கையில் வைத்திருந்தேன். திரையின் மேலே அண்ணாச்சியின் பெயர் வந்தது. பக்கத்தில் டைப்பிங் என்று காட்டியது.

அது நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. கொடைக்கானலில் குல்லா போட்டு எடுத்த அவருடைய படம், அதை ஒட்டிச் செய்தி: 'வாகமண் போதும். மூணாறில் கூட்டம். ரூமுக்கு எத்தனை படி?'

அண்ணாச்சியேதான். வருடா வருடம் முதலில் படியைத்தான் கேட்பார். நான் என்ன செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். 'படியே இல்லை அண்ணாச்சி, கீழ்த்தளம்தான்' என்று ஒரு நிமிடத்துக்குள் பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் அவர் இறந்துபோனவர் என்பது உறைத்தது. மற்ற இரண்டு வீடுகளிலிருந்தும் 'சரி அண்ணாச்சி', 'வாகமண்ணே போவோம்' என்று அடுத்தடுத்து வந்தது. எல்லாருக்கும் கை முந்திக்கொண்டது போலிருக்கிறது.

என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். வீட்டில் அது அபூர்வம்.

"மதினிட்ட ஒரு வார்த்த கேட்டுரு."

"கேட்டா அவிய பயந்து படுத்துருவாக. நீங்க செத்த நேரம் சும்மா இருங்க" என்றேன். பயந்தது நான்.

பத்து நாள் இப்படியே போனது. ஆண்டிபட்டி வழியாகத் தேனி, கம்பம், குமுளி என்று நான் பாதை எழுதினால், கம்பத்தில் சாப்பிட்டுவிட்டு ஏறுவோம் என்று அவர் எண்ணிலிருந்து வரும். அப்படியே மாற்றிவிடுவேன். எதிர்த்து ஒருவரும் எழுதவில்லை. வாகமண்ணுக்குப் போன் போட்டு அறை சொன்னபோது என் வாய் நான்கு என்று சொன்னது. மூன்றாக்கிவிடலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. குறைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயம்.

பிறகு இது வந்தது: 'இந்த முறை என்னைப் பின் சீட்டில் போடாதீர்கள். வளைவில் குமட்டுகிறது.'

அண்ணாச்சி என்றைக்கும் டிரைவர் பக்கத்தில் உட்காருகிறவர். பின் சீட்டில் பையோடு பையாக உட்கார்ந்து, மூக்கருகே எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவர் மதினி. போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன்.

மதினி கதவைத் திறந்தார். அண்ணாச்சியின் போன் அவர் கையில் இருந்தது.

"நீங்களா மதினி?"

"வேற யாரு? எப்பவும் நான்தானட்டி அடிக்கேன். உங்க அண்ணாச்சி கண்ணாடி போடவும் மாட்டாக, எழுத்து தெரியலன்னு ஒத்துக்கிடவும் மாட்டாக."

"அப்ப படி எத்தனன்னு கேக்கது?"

"என் முழங்காலுக்குத்தான். அவியளுக்கு முழங்காலு நல்லாத்தான இருந்துச்சு."

இத்தனை வருடமாக அண்ணாச்சியின் குணம் என்று நாங்கள் கேலி செய்ததெல்லாம் மதினியின் வலி. என் வீட்டிலும் இதேதானே நடக்கிறது? எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? என் மேலேயே எரிச்சல் பொங்கியது. அந்த எரிச்சலை அவர் மேல் காட்டினேன்.

"எங்ககிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல? பத்து நாளா உசுரு போச்சு."

"நீங்க யாராச்சும் எனக்கு ஒரு போன் போட்டீகளா? செத்தவுகளுக்கு ஒரு நிமிசத்துல பதில் சொல்லுதீக" என்றார் மதினி. கோபமே இல்லாமல் சொன்னார்.

"வாங்க மதினி. உங்களுக்கும் ரூம் சொல்லியாச்சு."

"வருசம் திரும்பலயே. மத்தவுக என்ன நினைப்பாக?"

"ஒண்ணும் நினைக்க மாட்டாக. உங்க பேரச் சொல்லியே கேளுங்க" என்றேன். நிச்சயமாகத்தான் சொன்னேன்.

மதினி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். 'இது அவர் இல்லை. நான், மதினி. நானும் வரட்டுமா?' எனக்கு ஒரு தரம் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்பினார்.

சற்று நேரத்தில் டிக் இரண்டும் நீலமாயின. எல்லா வீட்டிலும் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம், என் வீட்டிலும்தான். மேலே ஒரு பெயருக்குப் பக்கத்தில் டைப்பிங் என்று வந்து நின்றுபோனது. இன்னொரு பெயர் வந்தது, அதுவும் நின்றது. நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் பதில் போடவில்லை.