அமாவாசையன்று வைத்த இரங்கல் கூட்டம்

செய்தி எனக்கு அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "நம் துணைத் தலைவர் வரலட்சுமி இன்று காலை மாரடைப்பால் காலமானார். பத்து மணி மீட்டிங் பதினோரு மணிக்கு மாற்றப்பட்டுள்ளது." மீட்டிங்கை ரத்து செய்ய ஒருவருக்கும் மனம் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

உங்களில் பலர் அவளுடன் வேலை செய்தவர்கள். நானும் அவளும் ஒரே நாளில் இந்த நிறுவனத்தில் சேர்ந்த தோழிகள் என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன். வரலட்சுமி எங்களுக்கு வரா. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரி. அங்கிருந்துதான் தினமும் சென்னைக்கு வந்து போனாள். கணவர் முருகேசன் வீட்டிலேயே பட்டு நெய்பவர். ஐ.டி. கம்பெனி அதிகாரியும் தறி நெய்கிறவரும் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்று அலுவலகத்தில் ஒருவன் அவள் காதுபடவே கேட்டான். "நூல் அறுந்தா அவரு சத்தம் போடாம முடிச்சு போடுவாரு. நீ ஒரு மெயில் லேட்டானா ஊரையே எழுப்பற. யாரோட குப்ப கொட்றது சுலபம், நீயே சொல்லுபா" என்றாள்.

முதன்முதலாக ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றபோது, வீட்டிலிருந்து தினசரி காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து மீட்டிங் அறையில் மாட்டினாள். அமாவாசையன்று அவர்கள் தெருவில் தறி ஓடாது. நெசவாளர்களுக்கு அதுதான் விடுமுறை. "அன்னிக்கு ஒரு நாள்தான் அவரு தறிய விட்டு எழுந்துக்கிறாரு. நான் இங்க ஆபீஸ்ல உக்காந்துக்கினு இன்னா பண்றது? நம்ம டீமுக்கும் அன்னிக்கு லீவு. பதிலுக்கு ஒரு சனிக்கிழம வந்து வேலைய முடிச்சிடலாம்" என்றாள். மேலதிகாரி இதை மூடநம்பிக்கை என்றார். "கிறிஸ்மஸ்னா கிளையண்ட் போனே எடுக்க மாட்டாங்க சார். ஏன்னு நாம கேட்டோமா?" என்றாள். விடுமுறை நிலைத்தது, வேலையும் கெடவில்லை.

கத்தாமல் வேலை வாங்க அவளைப் போல் தெரிந்தவர்கள் குறைவு. எங்கள் குழுவில் தணிகாசலம் என்று ஒருவர், மாகறல்காரர். மனைவி பிரசவ வலியில் இருக்க, வேலை முடியவில்லை என்று கணினி முன்னால் தவித்துக்கொண்டிருந்தார். வரா போய் அவருடைய லேப்டாப்பை மூடினாள். "நீ போகலன்னாலும் கொழந்த பொறக்கும். ஆனா நீ வரலன்னு உன் சம்சாரம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும். கெளம்புபா" என்றாள். அவர் போனதும் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து மிச்ச வேலையை முடித்தாள். எல்லோரும் அந்த முதல் பாதியைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு எரிச்சல் இரண்டாவது பாதியின் மேல். யாரை வீட்டுக்கு அனுப்பினாலும் அவர்கள் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். எங்களுக்காக மேலிடத்தோடு மல்லுக்கு நின்றவளுக்கு, தனக்காக 'முடியாது' என்று சொல்ல மட்டும் வரவே இல்லை.

துணைத் தலைவர் ஆனதும் அமாவாசை எங்களுக்கு மட்டுமே விடுமுறை என்றானது. வெளிநாட்டு மீட்டிங்குகள் அன்றுதான் வந்து விழும். "உனக்கு லீவு இல்லையா?" என்று கேட்டேன். "அமெரிக்காவுல ஏதுபா அமாவாச" என்று சிரித்தாள். முருகேசன் அந்த நாட்களில் தறியும் இல்லாமல், மனைவியும் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தார். இதற்காக அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. செத்துப்போனவள் மேல் கோபப்படலாமா என்று கேட்காதீர்கள். நான் படுகிறேன்.

நெஞ்சு வலி வந்தபோது, கணவரும் கூட வர வசதியாக ஓர் அமாவாசையன்று டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாள். முருகேசன் காலையிலேயே சட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். திடீரென்று ஒரு மீட்டிங் வைத்தார்கள். நெஞ்சு வலிக்கிறது, டாக்டரிடம் போக வேண்டும் என்று அவள் சொல்லியும் மேலதிகாரி, "இது முடியட்டும்" என்றார். அவளும் கணவரிடம், "அடுத்த அமாவாசைக்குப் போய்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அந்த அடுத்த அமாவாசையில்தான் அவளுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அன்று எங்கள் குழுவுக்கு விடுமுறையாம், எல்லோரும் வர முடியுமாம்.

மேடையில் மேலதிகாரி பேசினார். நெஞ்சு வலியோடும் அவள் மீட்டிங்கைத் தவறவிடவில்லை, அதுதான் அர்ப்பணிப்பு என்றார். வருடம் முழுவதும் விடுப்பே எடுக்காதவருக்கு இனி அவள் பெயரில் விருது என்று அறிவித்துவிட்டு முருகேசனை மேடைக்கு அழைத்தார். முருகேசன் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றார்.

"அவ பேரு வேணாம் சார். வலின்னு தெரிஞ்சிக்கினுதானே உக்கார வெச்சீங்க? எழுந்து போம்மான்னு சொல்ல உங்கள்ல ஒருத்தருக்கு வாய் வரலியே. இதுக்கு அவ பேர வெச்சீங்கன்னா, அடுத்து யார் வூட்டுக்கு மாலைய எடுத்துக்கினு போவீங்க?"

அவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று மேலதிகாரி ஒலிபெருக்கியில் சொன்னார். நான் எழுந்தேன். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்றேன். தணிகாசலமும் எழுந்தார். பிறகு எங்கள் குழு முழுவதும் எழுந்து நின்றது. மேலதிகாரி ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினார். அந்த விருதைப் பற்றி அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

வாசலில் முருகேசன் என்னிடம் ஒன்று கேட்டார். "அவ எடத்துக்கு நீங்கதான் வரீங்கன்னு பேசிக்கிறாங்கம்மா. அந்த அமாவாச லீவுல உங்க பேரும் இருக்குதா?"

வரா, உன் நாற்காலியை எனக்குத்தான் கொடுத்தார்கள். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் காலண்டர் ஒன்றைத்தான். போன வாரம் வழக்கம்போல் அமாவாசையன்று மீட்டிங் என்று மெயில் வந்தது. அன்று விடுமுறை என்று எழுதினேன். குழுவுக்குத்தானே என்று கேட்டார்கள். முதலில் எனக்கு என்று பதில் போட்டேன்.