தட்டார் தராசில் ஏறிய லென்ஸ் வளையம்

வளையத்தைத் தராசில் வைத்து நிறுத்தவர்கள்மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் தீரவில்லை. பவுணை நிறுக்கலாம். புகையிலையை நிறுக்கலாம். கமராவுக்கும் லென்சுக்கும் நடுவில் பூட்டுகிற ஒரு வளையத்தைத் தட்டாரின் தராசில் போட்டு, கனம் கூடியதுதான் பெறுமதி கூடியது என்று முடிவுகட்டிய வீடு எங்கள் தீவுகளைத் தவிர வேறெங்கே இருந்திருக்கும்?

அது என் மாமனாரின் வீடு. அனலைதீவில் இருந்தது. நான் அந்த வீட்டின் மூத்த மருமகன். ஊர்காவற்துறையில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞனாக வேலை பார்த்தேன். மாமனார் சிங்கப்பூரில் கணக்கராக இருந்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். திரும்பும்போது ஒரு தோல் பெட்டி கொண்டுவந்தார். அதற்குள் மூன்று சாமான்கள் இருந்தன: கிழக்கு ஜேர்மனியில் செய்த கமரா, அதற்குச் சொந்தமல்லாத பழைய ரஷ்ய லென்ஸ், இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு பித்தளை வளையம்.

கமராவின் வாய் நாற்பத்திரண்டு மில்லிமீற்றர். லென்சின் கழுத்து முப்பத்தொன்பது. வளையத்துக்கு வெளிப்பக்கம் நாற்பத்திரண்டில் ஒரு திருகுப் புரி, உட்பக்கம் முப்பத்தொன்பதில் ஒரு புரி. அது லென்சின் கழுத்தில் ஏறிக்கொள்ளும். பிறகு இரண்டும் சேர்ந்து கமராவின் வாய்க்குள் இறங்கும். மாமனாரின் வளையத்துக்கு விளிம்பு கிடையாது. வாய்க்குள் முழுதாய் மறைந்துவிடும். பூட்டி முடித்தால் லென்சில் இருக்கும் சிவப்புக் கோடு சரியாக உச்சியில் வந்து நிற்கும். புரி எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது வளையத்துக்கு வளையம் மாறும். இன்னொரு வளையத்தைப் போட்டால் அதே கோடு பக்கவாட்டில் போய் நிற்கும். பார்த்ததும் இனங்காண இதைவிட வேறு அடையாளம் வேண்டியதில்லை.

இன்னொரு வகை வளையமும் உண்டு. அதற்குத் தொப்பிக்கு இருப்பதுபோல விளிம்பு இருக்கும். பார்க்க அழகு. கையில் கனக்கும். ஆனால் அந்த விளிம்பு லென்சை ஒரு மில்லிமீற்றர் முன்னால் தள்ளிவிடும். ஒரு மில்லிமீற்றர்தானே என்பார்கள். அந்த ஒரு மில்லிமீற்றரில் தூரம் முழுதும் செத்துப்போகும். எட்டடிக்குள் நிற்பவரின் கண்ணிமை தெரியும். எட்டடிக்கு அப்பால் கோயில் கோபுரம்கூடக் கஞ்சியாய்க் கரைந்து நிற்கும். ஆகவே வளையத்தைக் கையில் வாங்குகிறவன் முதலில் விளிம்பைப் பார்க்கவேண்டும், பிறகு புரியைப் பார்க்கவேண்டும். முப்பத்தொன்பதிலேயே இரண்டு புரி உண்டு. பிழையானது இரண்டு சுற்றுக்குள் இறுகிப் பிடித்துவிடும். கடைசியில் கமராவில் பூட்டி, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் எதையாவது பார்க்கவேண்டும். நிறையைப் பார்க்க வேண்டிய தேவை எங்கும் இல்லை. எங்குமே இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மாமனார் காலமானார். அவருக்கு மூன்று பெண்கள், ஆண்பிள்ளை இல்லை. காணியும் பனையும் கிணற்றுப் பங்கும் பிரிக்கப்பட்டன. ஒரு பனையில் மூன்றில் ஒரு பங்கு என்று உறுதிப்பத்திரம் எழுதுகிற ஊர் இது. கடைசியில் தோல் பெட்டி வந்தது. பங்கு பிரித்தவர் மாமியின் தமையனார். பெட்டியைத் திறந்து பார்த்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மூண்டு பிள்ளை, மூண்டு சாமான். செத்த மனிசன் தானே பிரிச்சு வைச்சிட்டுப் போயிருக்கிறான்."

கமரா என் மனைவிக்கு. லென்ஸ் இரண்டாவது பெண்ணுக்கு, அதாவது என் சகலனுக்கு. வளையம் கடைக்குட்டிக்கு.

"பசுமாட்டை மூண்டாய் வெட்டியோ பங்கு போடுவியள்?" என்று கத்தினேன்.

"பசுமாடு பால் தரும் தம்பி. இது என்னத்தைத் தரும்?"

"மோதிரம் மாதிரிக் கிடக்கு. கலியாணமாகாத பிள்ளைக்குப் பொருத்தம்தான்" என்றான் சகலன். சபை சிரித்தது.

நகை நிறுக்க வந்திருந்த தட்டார் பக்கத்திலேயே இருந்தார். நேர்மை தவறக்கூடாதாம், வளையத்தையும் நிறுக்கச் சொன்னார்கள். ஒரு பவுணுக்குக் குறைவான நிறை. அதுவும் பித்தளை. "ஐயோ பாவம், கடைசிப் பிள்ளைக்குக் குறைஞ்சு போச்சு" என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். இது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வெறும் இரும்பும் கண்ணாடியும்தான் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. பிறநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம் அது. இன்னொரு வளையத்துக்கு நான் எங்கே போவேன்?

நல்லவேளையாக மூன்று சாமானும் மாமி வீட்டில் ஒரே அலுமாரியிலேயே இருந்தன. கலியாணம், செத்தவீடு என்று வந்தால் மூன்று வீட்டுச் சம்மதத்தோடு படம் எடுப்பேன். சகலன் லென்சைத் தரும்போதெல்லாம் தன் சிறுநீரகத்தைக் கழற்றித் தருகிறவன்போல முகத்தை வைத்துக்கொள்வான்.

இரண்டு வருடத்தில் கடைக்குட்டிக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை இங்கிலாந்தில். பதிவு எழுத்து முடிந்து அவர் முன்னால் போய்விட்டார். இவளுக்குக் கடதாசிகள் சரிவந்து பயணநாளும் குறித்தாயிற்று. அந்தக் கிழமையில் ஒருநாள் மாமி என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, நான் துறைக்கு வரேலாது. தாலி இல்லாதவள் பயணத்துக்கு முன்னாலை நிக்கக்கூடாதெண்டு எல்லாருக்கும் தெரியும். நான் உள்ளுக்கை இருந்திடுவன். அவள் வள்ளத்திலை போறதை எனக்குப் படமா எடுத்துத் தாரும். ஸ்ரூடியோவிலை எடுத்த முகம் அலுமாரி நிறையக் கிடக்கு. போறதைத்தான் நான் பார்க்கவேணும்."

பெற்ற தாய் தன் மகளை வழியனுப்பக் கூடாது என்று சொன்ன மனிதர்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதத் தொடங்கினால் கடதாசி போதாது. "எடுத்துத் தாறன் மாமி" என்றேன். அலுமாரியைத் திறந்தேன்.

பித்தளை வளையம் இருந்த இடத்தில் வெள்ளியாய் மினுங்கிக்கொண்டு வேறொன்று கிடந்தது. விளிம்பு வைத்தது.

சகலனைக் கூப்பிட்டேன். மறைக்கவும் இல்லை, பதறவும் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"நான்தான் அண்ணை மாத்தினனான். பட்டணத்திலை ஸ்ரூடியோக்காரன் ஒருத்தன் கேட்டான். அந்தப் பழசைக் குடுத்திட்டு இதை வேண்டினன். ஒரு சதமும் மேலை குடுக்கேல்லை. தட்டாரிட்டைக் காட்டினன், ஒண்டரைப் பவுண் நிறை! பிள்ளைக்குப் பங்கு குறைஞ்சு போச்செண்டு எத்தினை நாள் மனவருத்தம் எனக்கு."

அவன் களவெடுத்திருந்தால் அடித்துவிட்டு ஆறியிருப்பேன். நல்லது செய்துவிட்டு நிற்பவனை என்ன செய்வது? விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போய், கமராவில் அந்த மினுங்கலைப் பூட்டி, வேலிக்கு அப்பால் நின்ற பனைகளைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான்.

"மங்கலாய்த்தான் கிடக்கு. துடைச்சியளோ?"

பயணத்துக்கு இரண்டே நாள். மறுநாள் விடிய மூன்று பேரும் பட்டணத்துக்குப் புறப்பட்டோம். மூன்று பேர் ஏனென்றால், ஒருவர் பங்கை ஒருவர் நம்பி விடமாட்டோம். கமரா என் தோளில். லென்ஸ் சகலனின் மடியில் லேஞ்சித் துணிக்குள் சுற்றியபடி. மினுங்கல் வளையம் கடைக்குட்டி மைத்துனியின் கைப்பைக்குள். வள்ளத்தில் ஊர்காவற்துறை வரை ஒருவர் மடியை ஒருவர் பார்த்துக்கொண்டே போனோம். பஸ்ஸில் ஏறியபிறகு மைத்துனி கேட்டாள்:

"பெரியத்தான், என்ரை மோதிரத்துக்கு இவ்வளவு மவுசெண்டால் முந்தியே சொல்லியிருக்கலாமே? சீதனத்துக்குக் காட்டியிருப்பன்."

"சொன்னனான். உன்ரை மாமன் கேட்டவரே?"

ஸ்ரூடியோக்காரர் எங்களைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு விளங்கிவிட்டது, தான் வாங்கியது என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"வளையமோ? எத்தினையோ வளையம் கிடக்கு ஐயா. உங்கடை எதெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?" ஒரு பிஸ்கற் தகரத்தை மேசையில் கொட்டினார். எண்ணினேன், ஒன்பது வளையம். "தெரிஞ்சால் எடுங்கோவன்."

தெரிந்தால்! விளிம்பு வைத்தவை நான்கையும் முதலில் ஒதுக்கினேன். மிச்சம் ஐந்து. ஒன்று அலுமினியம், ஊதினால் பறக்கும். ஒன்றின் வெளிச்சுற்று கமராவின் வாய்க்குப் பொருந்தவில்லை. ஒன்று லென்சில் ஏறி இரண்டாவது சுற்றில் இறுகியது. அந்தப் புரி வேறு. இரண்டு பித்தளை மிஞ்சின. சகலனின் கையிலிருந்த லென்சை வாங்க நான் இழுக்க வேண்டியிருந்தது. முதலாவதைப் பூட்டினேன், சிவப்புக் கோடு வலக்கைப் பக்கம் நின்றது. இரண்டாவதைப் பூட்டினேன், கோடு உச்சியில் நின்றது. வாசலுக்குப் போய்த் தெருவின் அந்தக் கடைசித் தொங்கலில் இருந்த புடைவைக்கடைப் பலகையைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ஊசிமுனைபோல நின்றது.

"இதுதான்."

"அப்பிடியோ? நல்லது" என்றார் அவர். "ஆனால் அது இப்ப என்ரை ஐயா. உங்கடை ஆள் மனமொத்துத்தானே மாத்தினவர். அதோடை, அவர் வேண்டினது கனம் கூடினது. நான்தான் நட்டப்பட்டனான்."

"கனம் கூடினதுதான் அண்ணை" என்றான் சகலன். என் பக்கம் நிற்க வந்தவன்!

நான் என்னென்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தது மட்டும் ஞாபகம். ஸ்ரூடியோக்காரர் வளையத்தைத் தரும்படி அமைதியாகக் கை நீட்டினார். அந்த நேரம் மைத்துனி எழும்பி வந்தாள். என் கையிலிருந்த கமராவை வாங்கி, லென்சை வளையத்தோடு சேர்த்துக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டாள். மினுங்கல் வளையத்தை மேசையில் வைத்தாள்.

"மாத்தினது சின்னத்தான். வளையம் என்ரை. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. கனமானது உங்களிட்டை இருக்கட்டும், உங்களுக்கு நட்டம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். அவர் மேசையைச் சுற்றி வருவதற்குள் அவள் சனத்துக்குள் நின்றாள். பட்டப்பகலில் ஒரு பெண்பிள்ளையின் கைப்பையில் யார் கை வைப்பது? சகலன் "என்ரை லென்ஸ்! என்ரை லென்ஸ்!" என்று பின்னால் ஓடினான்.

பயண நாள் காலை துறை முழுக்கச் சனம். அழுகை. பெட்டிகள். எட்டடிக்குள் நின்றவர்கள் எல்லாரும் தங்களையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். கமராவில் மிச்சம் இருந்தது இரண்டு படத்துக்கான பிலிம். எல்லாரையும் விலத்தச் சொன்னேன். ஏறுவதற்கு முன் மைத்துனி என்னிடம் சொன்னாள்: "மோதிரம் உங்களிட்டை இரவல் பெரியத்தான். வரேக்கை திருப்பித் தாருங்கோ."

வள்ளம் விலகியது. கரைக்கும் வள்ளத்துக்கும் நடுவில் கொஞ்சம் தண்ணீர் தெரியட்டும் என்று காத்திருந்தேன். மாமி கேட்டது போவதை. தூரத்தில் வள்ளமும் தலைகளும் துல்லியமாய் நின்றன. ஒரு பிழையும் இல்லை. அவளைத் தவிர எல்லாரும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஊர்காவற்துறைப் பக்கம் முகத்தை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"திரும்படி!" என்று கத்தினேன். இயந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? முதல் படம் எடுத்தேன். காத்திருந்தேன். திரும்பவில்லை. வள்ளம் சிறுத்துக்கொண்டே போயிற்று. இரண்டாவதையும் எடுத்தேன். பக்கத்தில் சகலன் கையை நீட்டியபடி நின்றான்.

"முடிஞ்சுதோ அண்ணை? அப்ப லென்சைக் கழட்டித் தாருங்கோவன்."

ஊர்காவற்துறையில் கழுவிப் பெரிதாக்கி எடுத்த முதல் படத்தை மாமியிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு சண்டை பிடித்து, இவ்வளவு தூரம் போய், கடைசியில் கொண்டுவந்தது ஒரு முதுகு. மினுங்கல் வளையத்தால் எடுத்திருந்தாலாவது, மகள் கரையைப் பார்த்தாள் என்று அந்தக் கிழவியை நம்பவைத்திருக்கலாம்.

மாமி படத்தை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"முகத்தைக் காட்டேல்லை மாமி. நான் கூப்பிட்டனான்" என்றேன்.

"பின்னல் தெரியுது" என்றார். "விடிய நான்தான் பின்னிவிட்டனான். அவசரத்திலை ஒரு புரி தளந்து போச்செண்டு கவலைப்பட்டுக்கொண்டிருந்தன். இல்லை, இறுக்கமாத்தான் கிடக்கு."

படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் செருகினார்.

"முகமே தெரியாத படத்துக்கோ எங்களைப் பட்டணம் வரை இழுத்தனீங்கள்?" என்றான் சகலன், வாசலில் நின்று. நான் அவனோடு இரண்டு வருடம் பேசவில்லை.

அவன் லென்சைப் பிறகு யாருக்கோ விற்றான். எப்படி விலை பேசினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஏதாவது ஆகியிருக்கும். லென்ஸ் இல்லாத கமரா என் வீட்டில் துருப்பிடித்தது. மைத்துனி திரும்பி வரவில்லை. வளையம் என்னிடம் இருக்கிறது, எண்ணெய் பூசித் துணியில் சுற்றி. யாராவது இது என்ன விலை பெறும் என்று கேட்டால் மறுபடி சுற்றி உள்ளே கொண்டுபோய்விடுவேன்.

மாமி போனபின் படமும் என்னிடம் வந்தது. பின்னலின் புரிகளை அதில் எண்ணலாம். பதினொன்று. ஒன்றும் தளரவில்லை.